கார்டு கையில் இருக்கிறதே, அப்புறம் ஏன் சஸ்பென்ஷன்? நியூயார்க் டிஎம்வி இன்ஷூரன்ஸ் கடிதங்களுக்கு ஒரு பிழை நீக்கும் வழிமுறை

நியூயார்க் நகரின் குயின்ஸ் பகுதியில் ஒரு சிறிய இன்ஷூரன்ஸ் புரோக்கர் கடையின் கவுண்டரில் பல வருடம் உட்கார்ந்தவன் நான். வண்டியின் காப்பீடு நின்றுவிட்டதாக டிஎம்வி, அதாவது மாநில மோட்டார் வாகனத் துறை, அனுப்பும் கடிதத்தோடு வரும் நம் ஆட்கள் எல்லோரும் முதலில் செய்வது ஒன்றுதான். பர்ஸிலிருந்து இன்ஷூரன்ஸ் கார்டை எடுத்து மேஜைமேல் வைப்பார்கள். "இதோ இருக்கே அண்ணா, அப்புறம் எதுக்கு லெட்டர்?"

கார்டில் பொய் இல்லை. ஆனால் டிஎம்வி அந்தக் கார்டை மட்டும் வைத்து முடிவெடுப்பதில்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனியின் கணினியிலிருந்து தன் கணினிக்கு வரும் மின்னணுத் தகவலைத்தான் அது நம்புகிறது. அதை வண்டிக்காரர் அனுப்ப முடியாது, கவுண்டரில் இருக்கும் நாமும் அனுப்ப முடியாது. கம்பெனிதான் அனுப்ப வேண்டும். கீழே உள்ள கோளாறுகளில் பல இந்த ஒரு இடத்தில்தான் முளைக்கின்றன. புதிதாகக் கவுண்டருக்கு வருபவர்களுக்காகவும், தங்கள் கடிதத்தைத் தாங்களே தீர்த்துக்கொள்ள நினைப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். எல்லாமே நியூயார்க் மாநில விதிகள். ஆற்றைத் தாண்டி நியூ ஜெர்சி போனால் கதை வேறு.

முதலில் கடிதத்தின் எல்லாப் பக்கங்களையும் வாங்கிப் பாருங்கள். பாதிப் பேர் முதல் பக்கத்தைப் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பார்கள். நமக்கு வேண்டிய தேதி அடுத்த பக்கத்தில் இருக்கும். வருவது இரண்டு வகைக் கடிதம். ஒன்று விசாரணை: உங்கள் காப்பீடு இன்ன தேதியில் நின்றதாகத் தகவல் வந்திருக்கிறது, விவரம் சொல்லுங்கள் என்று கேட்கும். இன்னொன்று உத்தரவு: இன்ன தேதி முதல் வண்டியின் பதிவு சஸ்பெண்ட், அதாவது தற்காலிக முடக்கம், என்று சொல்லும். விசாரணைக் கட்டத்தில் வந்தவருக்கு வேலை சுலபம். அதைக் குளிர்பதனப் பெட்டிமேல் காந்தம் வைத்து ஒட்டிவிட்டு மறந்தவர்தான் உத்தரவோடு வருவார். கடிதத்தோடு வண்டியின் பதிவுச் சீட்டும், பாலிசியின் டிக்ளரேஷன் பக்கமும் (பெயர், வண்டி, தேதி எல்லாம் சுருக்கமாக இருக்கும் தாள்) வேண்டும். இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நிதானமாக ஒப்பிட்டாலே பல நேரம் கோளாறு கண்ணில் பட்டுவிடும்.

"போன்ல மெசேஜ் வந்துச்சு, இன்னிக்கே பணம் கட்டணுமாம்"

எதையும் தொட வேண்டாம். பதிவு சஸ்பெண்ட் ஆகப்போகிறது, உடனே இந்த லிங்க்கில் பணம் கட்டுங்கள் என்று வருவது மோசடி மெசேஜ். 2025இல் இப்படிப்பட்ட மெசேஜ்கள் பல மாநிலங்களில் மழைபோல் வந்தன. டிஎம்வியின் இணையதள முகவரி 'டிஎம்வி டாட் என்ஒய் டாட் கவ்'. அதை நாமே தட்டச்சு செய்து உள்ளே போய், நம்பர் பிளேட் எண்ணைக் கொடுத்துப் பதிவின் நிலையைப் பார்க்கலாம். அங்கே எல்லாம் சரியாக இருந்தால் மெசேஜை அழித்துவிட்டு வேலையைப் பாருங்கள்.

"கம்பெனிதான் மாத்தினேன், ஒரு நாள்கூட விடலையே"

விட்டிருப்பார். அமெரிக்க பாலிசிகள் பொதுவாக நள்ளிரவு 12:01க்குத் தொடங்கி 12:01க்கு முடிகின்றன. பழைய பாலிசி 15ஆம் தேதி ரத்து என்றால், 15ஆம் தேதி முழுவதும் காப்பீடு இருந்ததாக நம் ஆட்கள் நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் 14ஆம் தேதி இரவோடு அது முடிந்துவிட்டது. புதிய பாலிசி 16ஆம் தேதி தொடங்கினால் நடுவில் ஒரு நாள் ஓட்டை. புதிய பாலிசியும் 15ஆம் தேதியே தொடங்கியிருந்தால் ஓட்டை இல்லை. புதிய கம்பெனி தகவல் அனுப்பியதா என்று மட்டும் கேட்டால் போதும்.

ஓட்டை உண்மையிலேயே இருந்தால், புதிய கம்பெனியிடம் தொடக்கத் தேதியை முந்தைய நாளுக்கு மாற்றச் சொல்லிக் கெஞ்சுவதில் பயனில்லை. நடந்து முடிந்த நாளுக்கு யாரும் காப்பீடு எழுத மாட்டார்கள். பழைய கம்பெனியிடம் கேளுங்கள். ரத்துத் தேதியை ஒரு நாள் தள்ளிப்போட முடியுமா, அந்த ஒரு நாள் பிரீமியத்தைக் கட்டிவிடுகிறோம் என்று. வாடிக்கையாளர் தானே கேட்டு ரத்து செய்த பாலிசி என்றால் சில கம்பெனிகள் ஒத்துக்கொள்ளும். ஒத்துக்கொண்டால், திருத்திய தேதியை டிஎம்விக்கும் அனுப்பச் சொல்ல மறக்காதீர்கள்.

"ஆட்டோ-பே போட்டிருந்தேன், எப்படி ரத்தாகும்?"

வங்கி அட்டை காலாவதியாகியிருக்கும், அல்லது தொலைந்துபோய்ப் புது அட்டை வாங்கியிருப்பார். பணம் கட்டாததற்காகப் பாலிசியை ரத்து செய்ய வேண்டுமானால் குறைந்தது 15 நாள் முன்னதாகக் கம்பெனி தபாலில் அறிவிக்க வேண்டும். வேறு காரணங்களுக்கு 20 நாள். அந்த அறிவிப்பு நிச்சயம் வந்திருக்கும். விளம்பரக் காகிதங்களோடு சேர்ந்து குப்பைக்குப் போயிருக்கும்.

இங்கே பேச்சில் ஒரு நுணுக்கம் உண்டு. கம்பெனிக்கு போன் செய்து "பணம் கட்டுகிறேன், இன்ஷூரன்ஸ் வேண்டும்" என்றால், மறுமுனையில் இருப்பவர் புதிய பாலிசி ஒன்றைத் தொடங்கிக் கொடுத்துவிடுவார். வாடிக்கையாளருக்கு நிம்மதி. நடுவில் விட்டுப்போன நாட்கள் அப்படியே நிற்கும், டிஎம்வி கணக்கில் ஏறும். கேட்க வேண்டியது, பழைய பாலிசியையே இடைவெளி இல்லாமல் உயிர்ப்பிக்க முடியுமா என்பதை. அந்த நாட்களில் விபத்து எதுவும் நடக்கவில்லை என்று கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்வார்கள். உண்மையானால் போட்டுக் கொடுங்கள். ரத்தாகி நாட்கள் ஓட ஓட இந்தக் கதவு மூடிக்கொண்டே வரும், அதனால் இந்த போனை நாளைக்குத் தள்ள வேண்டாம்.

"எல்லா தேதியும் சரி, பணமும் கட்டியாச்சு, ஆனாலும் லெட்டர்"

இதுதான் நம் மக்களுக்கென்றே படைக்கப்பட்ட கோளாறு: பெயர்.

நியூயார்க்கில் பாலிசி யார் பெயரில் இருக்கிறதோ, அவர் பெயரில்தான் வண்டிப் பதிவும் இருக்க வேண்டும். நமக்கோ குடும்பப் பெயர் என்ற வழக்கமே கிடையாது. அப்பா பெயரின் முதல் எழுத்து, அப்புறம் நம் பெயர், அவ்வளவுதான். பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் இருந்தால் அமெரிக்க விசாவில் முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்என்யு' என்று அச்சிட்டு விடுவார்கள். முதல் பெயர் தெரியவில்லை என்று பொருள். அந்த எஃப்என்யு அப்படியே ஓட்டுநர் உரிமத்துக்குப் போகும், அங்கிருந்து வண்டிப் பதிவுக்குப் போகும். இன்ஷூரன்ஸை மட்டும் ஆன்லைனில் அவரே நிரப்புவார். முதல் பெயர் செந்தில்குமார், கடைசிப் பெயர் அப்பாவுடையது என்று அழகாகப் போடுவார். டிஎம்வி கணினிக்கு எஃப்என்யு செந்தில்குமாரும் செந்தில்குமார் பழனிச்சாமியும் இரண்டு வேறு மனிதர்கள். முதலாமவருக்கு இன்ஷூரன்ஸ் இல்லை. முடிந்தது கதை.

திருத்தும்போது எதை மாற்றுவது என்பதில்தான் பலர் தவறு செய்கிறார்கள். எஃப்என்யு என்று பார்க்கவே அசிங்கமாக இருக்கிறதே, இந்தச் சாக்கில் டிஎம்வி பெயரை மாற்றிவிடலாம் என்று கிளம்புவார்கள். வேண்டாம். உரிமம் விசாவோடு கட்டப்பட்டது, அதை அசைத்தால் ஆவணங்கள் கேட்பார்கள், வாரக்கணக்கில் இழுக்கும். சஸ்பென்ஷன் தேதி அதற்காகக் காத்திருக்காது. பதிவுச் சீட்டில் பெயர் எப்படி இருக்கிறதோ, எழுத்துக்கு எழுத்து அப்படியே பாலிசியில் மாற்றச் சொல்லுங்கள். கம்பெனி ஆள் "எஃப்என்யு என்றால் பெயரா?" என்று சிரிப்பார், சிரித்துவிட்டுப் போகட்டும். மாற்றியதும் திருத்திய தகவலை டிஎம்விக்கு மறுபடி அனுப்பச் சொல்லுங்கள். பின்னாளில் பாஸ்போர்ட்டில் பெயரைப் பிரித்து, உரிமத்திலும் மாற்றினால், அதே வாரத்தில் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் இதே கடிதம் தலைகீழாக வரும்.

பெயர்க் கோளாறின் இன்னொரு முகம் கணவன் மனைவி. வண்டி மனைவி பெயரில் பதிவாகியிருக்கும், பாலிசி கணவர் பெயரில் இருக்கும். "அவளும் பாலிசியில இருக்காளே" என்பார். இருப்பார், ஓட்டுநர்கள் பட்டியலில். அது போதாது. பாலிசி எடுத்தவர் என்ற இடத்தில் அந்த அம்மாவின் பெயரும் வர வேண்டும். ஒரு போனில் முடிகிற வேலைதான்.

பெயர் பொருந்தினால் அடுத்து வின் எண், அதாவது வண்டியின் அடையாள எண். 17 எழுத்தும் எண்ணுமாக இருக்கும். அதில் ஐ, ஓ, கியூ என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் வரவே வராது. ஒன்றோடும் சுழியத்தோடும் குழம்பக் கூடாது என்பதற்காகவே விலக்கியிருக்கிறார்கள். ஆக, பாலிசியில் ஓ என்று இருந்தால் யோசிக்கவே வேண்டாம், தட்டச்சுப் பிழை. எட்டுக்கும் பி எழுத்துக்கும், ஐந்துக்கும் எஸ் எழுத்துக்கும் இடையே நடக்கும் குழப்பம் கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. முன் கண்ணாடிக்குக் கீழே ஓட்டுநர் பக்கத்தில் பொறித்திருக்கும் எண்ணை வண்டியிலிருந்தே போட்டோ எடுத்து வரச் சொல்லி, விரலை வைத்து ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள்.

"ஊருக்குப் போயிருந்தோம், கார் வாசல்லயே நின்னுச்சு"

ஜூன் 10 விமானம் ஏறி, செப்டம்பர் 10 திரும்பிய ஒரு குடும்பம் என் நினைவில் இருக்கிறது. மூன்று மாதம் ஓடாத காருக்கு எதற்கு இன்ஷூரன்ஸ் என்று புறப்படும் முன் போன் செய்து நிறுத்திவிட்டார் அந்த அண்ணன். நியாயமாகத்தான் தோன்றும். நியூயார்க்கில் அப்படி இல்லை. வண்டி ஓடுகிறதா நிற்கிறதா என்பது கேள்வியே அல்ல. பதிவு உயிரோடு இருக்கும் வரை, பிளேட் உங்களிடம் இருக்கும் வரை, காப்பீடும் இருக்க வேண்டும். அவர் திரும்பி வந்தபோது தபால் பெட்டியில் விசாரணையும் உத்தரவும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன.

இதில் நாள் கணக்குதான் உயிர்நாடி. காப்பீடு விட்டுப்போன நாட்கள் 90க்குள் இருந்தால் அபராதம் கட்டிப் பிளேட்டை வைத்துக்கொள்ளலாம். முதல் 30 நாளுக்கு நாளொன்றுக்கு 8 டாலர், அடுத்த 30 நாளுக்கு 10 டாலர், அதற்கடுத்த 30 நாளுக்கு 12 டாலர். 40 நாள் என்றால் 240 கூட்டல் 100, ஆக 340 டாலர். முழு 90 நாளுக்கு 900 டாலர். 91ஆம் நாள் ஆகிவிட்டால் பணம் கட்டும் வழியே அடைபடும், ஓட்டுநர் உரிமமும் சேர்ந்து சஸ்பெண்ட் ஆகும். ஜூன் 10லிருந்து செப்டம்பர் 10 வரை 92 நாள். மூன்று மாதம் என்று வாயால் சொல்லும்போது 90 போலத்தான் கேட்கிறது. அந்த இரண்டு நாளுக்காக அந்த அண்ணன் காரையும் விட்டு, லைசென்ஸையும் விட்டு, சப்வேயில் வேலைக்குப் போனார்.

அபராதம் கட்டும் வாய்ப்பு 36 மாதத்தில் ஒரு முறைதான். கட்டும் நாளில் வண்டிக்குக் காப்பீடும் இருக்க வேண்டும். அதனால் கடிதத்தைப் பார்த்த பதற்றத்தில் கார்டைத் தேய்த்துப் பணம் கட்டிவிட வேண்டாம். இடைவெளி உண்மையில் இல்லை என்று கம்பெனி மூலம் காட்ட முடியுமா என்று முதலில் பாருங்கள். முடியாது என்று உறுதியான பிறகே அபராதம். அந்த வாய்ப்பும் இல்லை என்றால் பிளேட்டை ஒப்படைத்துவிட்டு, எத்தனை நாள் விட்டுப்போனதோ அத்தனை நாள் சும்மா இருக்க வேண்டியதுதான். ஒப்படைத்த நாளிலிருந்துதான் அந்தக் கணக்கு ஓடத் தொடங்கும். பிளேட்டை வீட்டில் வைத்துக்கொண்டு "நான்தான் ஓட்டவே இல்லையே, நாள் கழிஞ்சிருக்குமே" என்பது செல்லாது.

ஊருக்குப் போகிறவர்கள் டிக்கெட் வாங்கும்போதே கடைக்கு வந்தால் இரண்டு வழி சொல்வேன். ஒன்று, சட்டம் கட்டாயமாகக் கேட்கும் காப்பீட்டை மட்டும் வைத்துக்கொண்டு, மோதல் சேதத்துக்கான பகுதியை நிறுத்திவிடுவது. அதில் மூன்றாம் நபர் காப்பீட்டின் குறைந்தபட்ச அளவு ஒருவர் காயத்துக்கு 25,000 டாலர், ஒரே விபத்தில் பலருக்கு 50,000, அடுத்தவர் பொருள் சேதத்துக்கு 10,000. உயிரிழப்பு என்றால் காயத்துக்கான தொகைகள் இரட்டிப்பு. வண்டிமேல் கடன் இருந்தால் வங்கி இதற்கு ஒத்துக்கொள்ளாது. திருட்டுக்கான பகுதியை நிறுத்த வேண்டாம், வாசலில் மூன்று மாதம் அசையாமல் நிற்கும் கார் எல்லோர் கண்ணிலும் படும். இன்னொரு வழி, முதலில் பிளேட்டை ஒப்படைத்து ரசீது வாங்கிவிட்டு, அதன் பிறகு இன்ஷூரன்ஸை நிறுத்துவது. வரிசை மாறக் கூடாது. பிளேட் இல்லாத வண்டியைத் தெருவில் விட முடியாது, சொந்த டிரைவ்வே வேண்டும். திரும்பி வந்து மறுபடி பதிவு செய்யும் அலைச்சலும் உண்டு. ஆறு மாதம் போகிறவருக்கு இது சரி. இரண்டு மாதத்துக்கு நான் முதல் வழியைத்தான் சொல்வேன்.

"காரையே வித்துட்டேனே!"

கார் போய்விட்டது, பிளேட் எங்கே? நியூயார்க்கில் வண்டியை விற்றால் பிளேட்டைக் கழற்றி எடுத்துக்கொள்ள வேண்டும், வாங்குபவரோடு அனுப்பக் கூடாது. பிளேட் கராஜில் கிடக்கிறது என்றால் உடனே ஒப்படையுங்கள். நேரில் டிஎம்வி அலுவலகத்தில் கொடுக்கலாம், பிடி-7 படிவத்தோடு தபாலிலும் அனுப்பலாம். வாங்கியவர் பிளேட்டோடு ஓட்டிப் போய்விட்டார், போனையும் எடுப்பதில்லை என்றால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து எம்வி-78பி படிவம் வாங்க வேண்டும். பிளேட்டுக்குப் பதிலாக அந்தப் படிவத்தை ஒப்படைக்கலாம்.

வேறு மாநிலத்துக்குக் குடிபோனவர்களுக்கும் இதே சிக்கல்தான். எடிசனுக்கு வீடு மாறி, நியூ ஜெர்சி பாலிசி எடுத்து, நியூயார்க் பாலிசியை நிறுத்திவிடுவார்கள். பிளேட் மட்டும் நியூயார்க்குடையது. வேறு மாநில இன்ஷூரன்ஸை நியூயார்க் டிஎம்வி எந்தக் காலத்திலும் ஏற்காது. புதிய மாநிலத்தில் பதிவு செய்து, பழைய பிளேட்டைத் திருப்பி அனுப்பி, அதன் பிறகே நியூயார்க் பாலிசியை நிறுத்த வேண்டும். கடிதம் ஏற்கெனவே வந்துவிட்டது என்றால் புதிய மாநிலப் பதிவின் நகலைத் தேதி தெரியும்படி பதிலோடு இணைத்து அனுப்புங்கள். எதிர்த்திசையில் வந்தவர்களுக்கும் அதே விதி: குயின்ஸுக்குக் குடிவந்து 30 நாளுக்குள் இங்கே பதிவு செய்ய வேண்டும், அதற்கு இங்கே எழுதிய பாலிசி வேண்டும்.

"போலீஸ் நிறுத்தினப்பதான் தெரியும், லெட்டரே வரலை"

பழைய வீட்டுக்குப் போயிருக்கும். தபால் நிலையத்தில் முகவரி மாற்றிவிட்டேன் என்பார்கள். அது டிஎம்விக்குப் போய்ச் சேராது. வீடு மாறிய 10 நாளுக்குள் டிஎம்விக்குத் தனியாகச் சொல்ல வேண்டும், எம்வி-232 படிவத்தில் அல்லது ஆன்லைனில். கடிதம் வரவில்லை என்பதற்காக உத்தரவு செல்லாமல் போய்விடாது.

இந்த நிலையில் வருபவரிடம் முதலில் சொல்ல வேண்டியது: வண்டியை எடுக்காதீர்கள், கடைக்கு வரக்கூட. சஸ்பெண்ட் ஆன பதிவோடு ஓட்டுவது மிஸ்டிமீனர் என்ற குற்றவியல் குற்றம், வெறும் டிராஃபிக் டிக்கெட் அல்ல. காப்பீடே இல்லாமல் ஓட்டி மாட்டினால் நீதிமன்ற அபராதம் 1,500 டாலர் வரை போகும், அதற்கு மேல் டிஎம்விக்கு 750 டாலர், உரிமம் குறைந்தது ஒரு வருடத்துக்கு ரத்து. கையில் நீதிமன்றத் தேதி இருந்தால் அது வக்கீல் வேலை, கவுண்டர் வேலை அல்ல. நாம் செய்யக்கூடியது, அன்றைய தேதியில் பாலிசி உயிரோடு இருந்தது என்று கம்பெனியிடம் எழுத்தில் வாங்கிக் கொடுப்பது மட்டும்தான்.

"பதில் போட்டாச்சு, இன்னும் சஸ்பெண்ட்னுதான் காட்டுது"

டிஎம்வி இணையதளத்தில் பாலிசி விவரத்தை இட்டுப் பதில் கொடுத்திருப்பார். அது நாம் சொன்ன சொல். கம்பெனியின் மின்னணுத் தகவல் வந்து அதோடு பொருந்தினால்தான் கோப்பு மூடப்படும். கம்பெனிக்கு போன் போட்டு "டிஎம்விக்கு அனுப்பிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டால் "அனுப்பிட்டோம்" என்றுதான் பதில் வரும். எந்தத் தேதியில் அனுப்பினீர்கள், எந்தப் பெயரில், எந்த வின் எண்ணில், தொடக்கத் தேதி என்ன என்று ஒவ்வொன்றாக வாசிக்கச் சொல்லி, பதிவுச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். அனுப்பியது நிராகரிக்கப்பட்டுத் திரும்பியிருக்கும், அதை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். பொது எண்ணில் எடுப்பவருக்கு அந்தத் திரை தெரியாவிட்டால், டிஎம்விக்குத் தகவல் அனுப்பும் பிரிவுக்கு மாற்றச் சொல்லுங்கள். பேசியவர் பெயர், நேரம், அழைப்பு எண் மூன்றையும் கடிதத்தின் பின்பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.

மோட்டார் சைக்கிள்காரர்களுக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு. பனிக்காலத்தில் இன்ஷூரன்ஸை நிறுத்தினாலும் பைக்கின் பிளேட்டை ஒப்படைக்க வேண்டியதில்லை. ஓட்டும்போது காப்பீடு இருந்தால் போதும். பைக் வைத்திருக்கும் நண்பர் சொன்னார் என்று கார் இன்ஷூரன்ஸையும் டிசம்பரில் நிறுத்திவிட்டு பிப்ரவரியில் கடிதத்தோடு வந்த தம்பிகள் இருக்கிறார்கள்.

கடைசியாக அந்த ரசீது. பிளேட்டை ஒப்படைத்தால் தரும் தாளுக்கு எஃப்எஸ்-6டி என்று பெயர். தபாலில் அனுப்பியவர்களுக்கும் பின்னால் வரும். இன்ஷூரன்ஸ் கம்பெனி அதைப் பார்த்துத்தான் ஒப்படைத்த தேதியிலிருந்து கணக்கிட்டுப் பிரீமியத்தைத் திருப்பித் தரும், டிஎம்வி ஒரு வருடம் கழித்துக் கேட்டாலும் காட்ட வேண்டியது அதுதான். போட்டோ எடுத்து உங்களுக்கே ஒரு மெயில் அனுப்பி வையுங்கள்.